தராசைத் தூக்கி ஓரமாக வையுங்கள்: வேலை, பணம், விசுவாசம் – முழுமையான வழிகாட்டி

ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தைக் கவனித்திருப்பீர்கள். வேலை கிடைத்தது, சம்பளம் கூடியது, பதவி உயர்ந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சபையே ஆமென் சொல்லும். "வந்த பதவி உயர்வை வேண்டாம் என்றேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று யாரும் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. அதே மேடையில் அரை மணி நேரம் கழித்து "உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்" என்று பிரசங்கம் வரும். இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், திங்கட்கிழமை காலையில் எதை நம்பி வேலைக்குப் போவது என்று தானே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

இந்தக் குழப்பத்துக்கு நாம் வழக்கமாகக் கையில் எடுப்பது தராசு. ஒரு தட்டில் தேவன், இன்னொரு தட்டில் வேலையும் பணமும். முள் நடுவில் நிற்க வேண்டும். எனக்கு இந்தத் தராசில் நம்பிக்கை இல்லை. "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது" என்று இயேசு சொன்னபோது (மத்தேயு 6:24) அளவைப் பற்றிப் பேசவில்லை, எஜமானைப் பற்றிப் பேசினார். எஜமான் யார் என்பது முடிவாகிவிட்டால் பணத்துக்கு வேலைக்காரன் இடம் கிடைக்கும். வேலைக்காரனாகப் பணம் நன்றாகவே உழைக்கும்.

அந்த முடிவை எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறோம். பாபிலோன் அரண்மனைக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூத இளைஞன் தானியேலைப் பாருங்கள் (தானியேல் 1:8). ராஜாவின் உணவால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்வதில்லை என்று அவன் முதலில் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அதிகாரியிடம் போய்க் கேட்டான். தட்டு முன்னால் வந்தபிறகு யோசிக்கத் தொடங்கியிருந்தால் பசி பேசியிருக்கும். கீழே வரும் படிகள் எல்லாமே இப்படி முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டிய தீர்மானங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு மாலை நேரமும் போதும். திருமணமானவர்கள் துணையோடு உட்காருங்கள். தனியாக எடுத்த தீர்மானம் வீட்டில் நிற்காது.

படி 1: ஆசைக்குப் பெயர் வையுங்கள்

லட்சியம் வைத்திருப்பதே பாவம் என்று நினைக்கிற விசுவாசிகள் இருக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு இரண்டு வார்த்தைகள் உண்டு. ஒன்று "எரிதேயா". பதவியைப் பிடிக்க ஆள் சேர்த்துக் குறுக்கு வழியில் காய் நகர்த்துவதற்குக் கிரேக்கர்கள் பயன்படுத்திய சொல். இன்றைய மொழியில் ஆபீஸ் பாலிடிக்ஸ். பிலிப்பியர் 2:3 இதைத்தான் வேண்டாம் என்கிறது. தமிழ் வேதாகமத்தில் "வாது" என்று வந்திருக்கிறது. இன்னொன்று, ஒரு காரியத்தைத் தன் கௌரவமாக எண்ணி அதையே நாடுவது. பவுல் இதை மூன்று இடங்களில் எழுதுகிறார்: கிறிஸ்துவின் பெயர் இதுவரை சொல்லப்படாத இடங்களில் சுவிசேஷம் சொல்ல (ரோமர் 15:20), கர்த்தருக்குப் பிரியமாயிருக்க (2 கொரிந்தியர் 5:9), அமைதியாக இருந்து சொந்தக் கையால் உழைக்க (1 தெசலோனிக்கேயர் 4:11). மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமைதியாக வாழ்வதையும் ஒரு லட்சியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறவர் எத்தனை பேர்?

உங்கள் ஆசை இந்த இரண்டில் எது? நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள்: "எனக்கு இது வேண்டும்." அதற்குக் கீழே "ஏன்?" என்று கேட்டுப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலுக்கும் ஒரு "ஏன்?". மூன்று முறை போனால் பெரும்பாலும் அடிப்பகுதி தெரிந்துவிடும். ஒருவருக்குக் குழந்தையின் படிப்பு இருக்கும். இன்னொருவருக்கு, தன்னைக் குறைவாகப் பேசிய சொந்தக்காரர் முகத்தில் கரி பூச வேண்டும் என்று இருக்கும். இரண்டும் ஒரே பதவிக்குத்தான் விண்ணப்பம் போடும்.

பிறகு இரண்டு சோதனைக் கேள்விகள். இந்தப் பதவி கிடைத்தது யாருக்குமே தெரியாமல் இருந்தாலும் எனக்கு வேண்டுமா? பக்கத்து நாற்காலிக்காரருக்கு இது கிடைத்தால், அவர் கீழே மனக்கசப்பில்லாமல் வேலை செய்வேனா?

பதில் அசிங்கமாக வந்தால் பயப்பட வேண்டாம். சீஷர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவுக்கு வலது இடது நாற்காலிகளையே நேரடியாகக் கேட்டார்கள் (மாற்கு 10). பெரியவனாக வேண்டும் என்ற ஆசையை இயேசு அணைக்கவில்லை. பெரியவனாக இருப்பது என்றால் என்ன என்பதைத் திருத்தினார். ஆனால் எரேமியாவின் எழுத்தரான பாருக்குக்கு வந்த வார்த்தை வேறு: "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" (எரேமியா 45:5). ஊரே அழியப்போகிற நேரம் அது. சில காலங்களில் பதில் "தேடாதே" என்றும் இருக்கும்.

படி 2: வேலையை இரண்டாம் தரமாக்காதீர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆதியாகமம் 2:15ல் மனிதனுக்கு வேலை கொடுக்கப்படுகிறது. பாவம் 3ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று யாத்திராகமம் 31 சொல்லும் பெசலெயேல், பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞன். "முழுநேர ஊழியத்துக்கு வராததால்தான் இந்த வேலையில் இருக்கிறேன்" என்று குற்ற உணர்வோடு அலுவலகம் போகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். 16ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், அழைப்பு என்ற சொல்லைத் துறவிகளிடமிருந்து எடுத்துச் செருப்புத் தைக்கிறவருக்கும் பால் கறக்கிற பெண்ணுக்கும் உரியதாக்கினார்.

இன்னொன்று. நம் சபைகளில் "தாலந்து" என்றால் பாட்டுப் பாடுவது, கீபோர்டு வாசிப்பது என்றாகிவிட்டது. எஜமான் வேலைக்காரரிடம் தாலந்துகளை ஒப்படைத்துவிட்டுப் போவதாக இயேசு சொன்ன உவமையில் அது பணம்! ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. ஒரே ஒரு தாலந்தை மண்ணில் புதைத்தவன் கிட்டத்தட்ட இருபது வருஷக் கூலியைப் புதைத்திருக்கிறான். திறமையைப் பெருக்குவதும் முதலீடு செய்வதும் இயேசுவின் வாயில் கெட்ட வார்த்தைகள் அல்ல.

படி 3: "போதும்" என்பதற்கு ஒரு எண் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

பணம் தீமைக்கு வேர் என்று பவுல் எழுதவில்லை. "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்றுதான் எழுதினார். சிக்கல் என்னவென்றால், தனக்குப் பண ஆசை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பொய் சொன்னால் தெரியும், கோபப்பட்டால் தெரியும். பண ஆசை மட்டும் "குடும்பப் பொறுப்பு" என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அதைப் பிடிக்க எனக்குத் தெரிந்த வழி எண்தான்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி தன் பிரசங்கம் ஒன்றில், ஆக்ஸ்போர்டு நாட்களில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அது அவரேதான் என்பது பொதுவான கருத்து. முதல் வருஷம் வருமானம் 30 பவுண்டு. 28ல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. அப்போதும் 28ல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90ல் 62, நான்காம் வருஷம் 120ல் 92. வருமானம் நான்கு மடங்கானது; 28 நகரவில்லை. அவர் திருமணமாகாத இளைஞர், நமக்குக் குடும்பம் இருக்கிறது என்பது சரிதான். அவருடைய எண்ணை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்கு ஓர் எண் இருந்தது, அது சம்பளம் வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை இது. கடந்த 12 மாத வங்கி அறிக்கையை எடுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் நான்கு எழுத்துகளில் ஒன்றைப் போடுங்கள்: தே – தேவை, க – கடமை (பெற்றோர், பிள்ளைகள், தவணைகள்), சௌ – சௌகரியம், ப – பார்வைக்கு, அதாவது மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. நான்காவது எழுத்தைப் போட யாருக்கும் கை வராது. துணையின் கையில் பேனாவைக் கொடுங்கள், வரும்.

முதல் இரண்டையும் முழுதாகக் கூட்டுங்கள். மூன்றாவதில் மனசாட்சி ஒப்புக்கொள்ளும் அளவைச் சேருங்கள். சௌகரியம் பாவமில்லை, எல்லாவற்றையும் அனுபவிக்கும்படி கொடுக்கிற தேவன் என்று 1 தீமோத்தேயு 6:17 சொல்கிறது. அவசர நிதிக்கும் முதுமைக்கும் மாதம் இவ்வளவு என்று ஒதுக்குங்கள். வரும் கூட்டுத்தொகைதான் உங்கள் "போதும்". தேதி போட்டுக் கையெழுத்து இடுங்கள்.

இந்த எண் கூடலாம். ஆனால் காரணங்களை இப்போதே எழுதிவைக்க வேண்டும்: குழந்தை பிறப்பது, நோய், பெற்றோர் நம்மிடம் வந்து சேருவது, விலைவாசி. "சம்பளம் கூடியது" அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. நான் முதல் முறை எழுதிய எண் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. பக்தி வேகத்தில் மிகக் குறைவாக எழுதியிருந்தேன், வீட்டில் சண்டைதான் மிச்சம். நீதிமொழிகள் 30ல் ஆகூர் என்ற ஞானி ஜெபித்தது இரண்டு பக்கமும் வேலி போட்ட ஜெபம்: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக." வறுமையையும் அவர் கேட்கவில்லை.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை (நீதிமொழிகள் 22:7) என்பதை வட்டியின் பாரம் என்று மட்டும் படித்துவிடுகிறோம். தவணைகள் சம்பளத்தில் பாதியைத் தின்றால், நாளைக்கு மேலதிகாரி ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்கும்போது "முடியாது" என்று சொல்லும் சுதந்திரத்தையும் அதே தவணை தின்றிருக்கும். ஆறு மாதச் செலவை ஒதுக்கி வைத்திருப்பவருக்கு நேர்மை கொஞ்சம் எளிது. அவசர நிதியை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் பெரும்பாலும் அந்தக் கையெழுத்து மேஜையில் உட்கார்ந்ததில்லை.

படி 4: கொடுப்பதைச் சம்பள நாளிலேயே பிரியுங்கள்

மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அது உங்கள் பணம் இல்லை என்று மனது பழகிவிடும்.

எவ்வளவு? தசமபாகம் புதிய ஏற்பாட்டுச் சபைக்கும் கட்டளையா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் அதைத் தொடக்கக் கோடாகப் பார்க்கிறேன். பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டதால் மீதி ஒன்பதைப் பற்றித் தேவன் கேட்க மாட்டார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கடனில் மூழ்கியிருப்பவர் சிறிதாகத் தொடங்கட்டும். "போதும்" எண்ணுக்கு மேல் வருகிறவர் சதவீதத்தை வருஷாவருஷம் ஏற்றட்டும்.

எங்கே என்பதிலும் கவனம் வேண்டும். உபாகமம் 14:28-29ல் மூன்றாம் வருஷத் தசமபாகம் ஆலயப் பணி செய்த லேவியருக்கு மட்டுமல்ல, அந்நியருக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் போகிறது. பெற்றோரைக் கவனிக்க வேண்டிய பணத்தைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7). அம்மாவின் மருந்துச் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கட்டட நிதிக்குக் கொடுப்பது அந்த வகைதான். கொடுத்தால் மடங்காகத் திரும்ப வரும் என்று வாக்குக் கொடுத்துக் கேட்கிறவரிடம் பர்சை மூடிக்கொள்ளுங்கள். அவர் கேட்பது காணிக்கை இல்லை, முதலீடு.

படி 5: தாண்டாத கோடுகளை எழுதிவையுங்கள்

மூன்று பத்தி போடுங்கள். "ஒருபோதும் செய்ய மாட்டேன்", "யோசிக்க வேண்டும்", "தயக்கமில்லை". முதல் பத்தி சின்னதாக இருக்கட்டும், ஆனால் வழவழப்பில்லாமல் இருக்கட்டும். "நேர்மையாக இருப்பேன்" என்று எழுதாதீர்கள். "லஞ்சம் கொடுத்து ஒப்பந்தம் வாங்க மாட்டேன்", "செய்யாத வேலைக்கு மணிநேரம் எழுத மாட்டேன்", "ஒருவர் செய்ததை என் பெயரில் காட்ட மாட்டேன்" என்று எழுதுங்கள்.

நடுப்பத்திதான் வாழ்க்கை. அதற்கு 2 இராஜாக்கள் 5ஐப் படியுங்கள். குஷ்டரோகம் நீங்கிக் குணமான சீரியப் படைத்தலைவன் நாகமான், தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான்: என் ராஜா, ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், மன்னிக்க வேண்டும். எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். அதே அதிகாரத்தில், தீர்க்கதரிசியின் சொந்த வேலைக்காரன் கேயாசி, பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளி வாங்கிக் குஷ்டரோகியாகத் திரும்புகிறான். அந்நிய அதிகாரியின் தர்மசங்கடத்துக்கு இடம் இருந்தது, ஊழியக்காரனின் பேராசைக்கு இல்லை. சக ஊழியரின் மதச் சடங்கில் நிற்கலாமா, மதுக் கிண்ணம் சுற்றும் விருந்துக்குப் போகலாமா என்பதெல்லாம் நடுப்பத்தி. போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் முடிவை அடுத்தவர் மேல் திணிக்காதீர்கள்.

மறுக்கும் விதமும் முக்கியம். தானியேல் முரண்டு பிடிக்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மாற்று வழி கொடுத்தான். நாமும் அப்படியே: "சார், இந்த எண்ணை இப்படி என்னால் எழுத முடியாது. உண்மையான எண்ணோடு, ஏன் குறைந்தது என்ற விளக்கமும் சேர்த்து இன்று மாலைக்குள் தருகிறேன்." வசனம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லும் தகுதி வேலையில் இருந்து வர வேண்டும். பகைவர்கள் துருவித் தேடியும் தானியேலின் அலுவலில் குறை கிடைக்கவில்லை (6:4). தாமதமாக வந்துவிட்டு, மேஜையில் வசன அட்டை வைத்திருப்பவரை எல்லோருக்கும் தெரியும்.

படி 6: வாரத்தில் ஒரு நாள், வேலையின் கைக்கு எட்டாமல்

ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது, காரணம் மட்டும் மாறுகிறது. யாத்திராகமம் 20ல் தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததால். உபாகமம் 5ல், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைப்பதற்காக. அடிமைக்கு விடுமுறை கிடையாது. மெயிலைப் பார்க்காமல் ஒரு நாள் இருக்க முடியவில்லை என்றால், யார் எஜமான் என்ற பழைய கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

வேலையில் சேரும்போதே அந்த 24 மணி நேரத்தைச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொல்வது கடினம். ஷிப்ட்டில் இருப்பவர்கள் வேறு நாளை வைத்துக்கொள்ளலாம். அவசரம் என்று அழைப்பு வந்து போக நேர்ந்தால் குறித்துவையுங்கள். மூன்று மாதக் குறிப்பைப் பார்த்தால் உண்மையான அவசரம் எத்தனை, உங்களுக்கு மறுக்கத் தெரியாமல் போனது எத்தனை என்று தெரியும். அந்த நாள் முழுவதையும் சபைக் கமிட்டிகள் எடுத்துக்கொண்டால் அதுவும் ஓய்வில்லை. அதைப் போதகரிடம் சொல்ல இன்னும் அதிகத் தைரியம் வேண்டும்.

படி 7: புதிய வாய்ப்பு வரும்போது

"கர்த்தர் கதவைத் திறந்தார்" என்பது நம்மிடையே விசாரணையில்லாமல் ஏற்கப்படும் வாக்கியம். நினிவேக்குப் போ என்ற தேவ கட்டளையிலிருந்து ஓடிய யோனாவுக்கும் கதவு திறந்திருந்தது: தர்ஷீசுக்குக் கப்பல் தயார், கையில் கூலியும் இருந்தது. வாய்ப்பு கிடைப்பது மட்டும் அத்தாட்சி ஆகாது.

ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்தின் கதை இதைவிட அமைதியாகப் பயமுறுத்துகிறது. ஆதியாகமம் 13ல் நீர்வளம் உள்ள சமவெளியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பாவத்துக்குப் பேர்போன சோதோம் நகரத்துக்கு நேரே கூடாரம் போடுகிறான். 14ல் சோதோமுக்குள் குடியிருக்கிறான். 19ல் சோதோமின் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே போகலாம் என்று அவன் எந்த நாளில் முடிவெடுத்தான்? வேதம் சொல்லவில்லை, அவனுக்கே தெரிந்திருக்காது. அவன் நிலத்தை மட்டும் பார்த்தான், அங்கே வாழும் மனிதரைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகையால் ஆஃபர் கடிதம் வந்தால் சம்பளத்துக்குப் பக்கத்தில் இவற்றையும் எழுதுங்கள்: படி 5ன் முதல் பத்தியை அந்த வேலை தொடுமா? வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம்? (இதை அங்கே வேலை செய்கிறவரிடம் கேளுங்கள், எச்.ஆரிடம் அல்ல.) குடும்பமும் சபையும் இல்லாத இடத்துக்குப் போவதானால், அங்கே என்னைக் கேள்வி கேட்க யார் இருப்பார்கள்? "போதும்" எண்ணை ஏற்கெனவே தொட்டுவிட்டேன் என்றால் கூடுதல் பணம் எங்கே போகும்? கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் இருந்தால் தாராளமாகப் போங்கள். கொடுப்பதற்காகவே சம்பாதிக்கச் சொல்கிற வசனமும் இருக்கிறது (எபேசியர் 4:28). "முடிந்தவரை சம்பாதியுங்கள்" என்றவரும் வெஸ்லிதான். உடல்நலம் கெடாமல், மனசாட்சி கெடாமல், பிறனுக்குக் கேடில்லாமல் என்று மூன்று பூட்டு போட்டுத்தான் சொன்னார்.

படி 8: மேலே போனபின்

நெகேமியா 12 வருஷம் யூதாவின் அதிபதியாக இருந்தும், அதிபதிக்குரிய உணவுப்படியை வாங்கவில்லை. ஜனத்தின் மேல் பாரம் ஏற்கெனவே அதிகம் என்பது காரணம் (நெகேமியா 5). உரிமை இருந்தும் எடுக்காமல் விட்ட ஒன்றாவது உங்களிடம் இருக்கட்டும். உங்களுக்குக் கீழே இருப்பவர்களின் சம்பளம் தேதி தவறாமல் போகிறதா, உங்கள் டார்கெட்டுக்காக யாருடைய ஓய்வுநாள் போகிறது என்று பாருங்கள். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எழுதியது விசுவாசியான முதலாளிகளுக்கும் சேர்த்துத்தான்.

படி 9: வருஷத்துக்கு ஒரு முறை

ஒரு தேதியை இப்போதே குறியுங்கள். சம்பள உயர்வு வரும் மாதத்துக்கு முந்தைய மாதம் நல்லது. எண் முதலில் முடிவாகட்டும், பணம் பிறகு வரட்டும். மேஜையில் போன வருஷத் தாள், 12 மாத வங்கி அறிக்கை, ஓய்வுநாள் குறிப்பு. பதவி கிடைக்காமல் போன வருஷமாக இருந்தால் அன்று காலையில் சங்கீதம் 73ஐப் படித்துவிட்டு உட்காருங்கள். பொறாமையில் கால் சறுக்கப் பார்த்த ஒருவர் எழுதியது.

கேள்விகள் நான்கு. "போதும்" எண்ணைத் தாண்டினோமா, ஏன்? கொடுத்தது கூடியதா? முதல் பத்தியில் எதையாவது நடுப்பத்திக்கு நகர்த்தினேனா? போன வருஷத்தைவிட நான் வீட்டில் எளிதாகப் பழகக்கூடியவனா? முதல் மூன்றுக்கு நீங்கள் பதில் எழுதுங்கள். நான்காவது வரும்போது பேனாவை வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் எழுதி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.